நடக்கத் தெரிந்த சித்திரங்கள்



துணுக்காயிலிருந்து பேச வருகின்ற ஒருவர் குளத்தைப் பற்றியோ, பெரும்போக வேளாண்மையைப் பற்றியோ, யானை வேலி முறித்த கதையையோ பேசுவார் என்று நீங்கள் எண்ணியிருத்தல் கூடும். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் அவற்றுள் ஒன்றன்று. தொலைக்காட்சியில் எலி பூனையைத் துரத்துவதும், அடிபட்ட பூனை அப்பளம்போலத் தட்டையாகி மறுகணம் எழுந்து ஓடுவதும் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் அறிந்த காட்சி. அந்த எலியும் பூனையும் எவ்வாறு பிறக்கின்றன? ஒரு கதைக்கென ஐந்தாறு சித்திரப் பாத்திரங்களை ஒருசேரப் படைக்கின்றவர்கள் எவ்வழியிற் சிந்திக்கின்றார்கள்? ஐம்பதைக் கடந்த வயதில் இக்கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. பிடித்த விதத்தை முதலிற் கூறிவிடுகிறேன். அதிலே நான் செய்த பிழையொன்றும் அடங்கியிருக்கின்றது.

நான் அதிபராகக் கடமையாற்றும் பாடசாலை சிறியது. கடந்த ஆண்டு இரண்டாந் தவணையில் ஒன்பதாந் தரத்துப் பிள்ளைகள் எண்மர், சித்திர ஆசிரியையை முன்னால் விட்டுக்கொண்டு, என் அறைக்கு வந்தனர். கொப்பித் தாள்களில் வரைந்து, ஆசிரியையின் கைத்தொலைபேசியால் ஒவ்வொன்றாகப் படம் பிடித்து, பாடசாலைக் கண்காட்சிக்கு ஒரு சித்திரப்படம் செய்ய விரும்புவதாகக் கூறினர். நான் அனுமதி கொடுத்தேன். அத்தோடு நின்றிருக்கலாம். கலைப் பட்டதாரியல்லவா? ஆலோசனையும் கொடுத்தேன். ஒரு தாளை எடுத்து ஆறு பாத்திரங்களை வரிசையாக எழுதினேன். ஆமை, பொறுமை. மயில், செருக்கு. குரங்கு, குறும்பு. உடும்பு, விடாமுயற்சி. நரி, வஞ்சகம். நாய், நன்றி. பஞ்சதந்திரமும் நீதிநூல்களும் படித்தவனுக்கு இதில் என்ன கடினம் என்று எனக்குள் ஒரு பெருமிதமும் இருந்தது.

இரு வாரங்கள் சென்றன. பிள்ளைகள் கீறிய சித்திரங்கள் அழகாகவே இருந்தன. சிறப்பாக அந்த மயிலின் தோகை. ஆயினும் படத்தை ஓடவிட்டுப் பார்த்தபோது ஆறு பிராணிகளும் வரிசையாக நின்று, வாயை மட்டும் திறந்து மூடி, நான் எழுதிக் கொடுத்த நல்லுரைகளை ஒப்புவித்தன. காலைக் கூட்டத்தில் அதிபர் பேசுவதைப்போலவே இருந்தது என்று ஒரு பிள்ளை மற்றொரு பிள்ளையிடம் மெல்லக் கூறியது என் காதிலும் விழுந்தது. அப்போது ஒரு மாணவி எழுந்து, "சேர், ஆமை பொறுமையானது எண்டு எழுதித் தந்திருக்கிறியள். பொறுமையான ஆமை காலமை எழும்பி என்ன செய்யும்?" என்று கேட்டாள்.

முப்பது ஆண்டுகளாகக் கற்பித்து வருகின்ற எனக்கு அக்கேள்விக்கு விடை வரவில்லை. பொறுமை என்பது ஒரு குணத்தின் பெயர். அதைக்கொண்டு ஆமையை ஓர் அடியேனும் நகர்த்த முடியாது. அந்த ஆமைக்கு ஏதோ ஒன்று வேண்டும். அதை அடைவதற்காக அது எங்கேயோ போகவேண்டும். போகின்ற விதத்தில் அதன் குணம் நமக்குத் தெரியவேண்டும். தமிழிற் கதைமாந்தரைப் பாத்திரம் என்கிறோம். சமையற் கலத்துக்கும் அதுவே பெயர். நான் கலத்தின்மேற் பெயரை எழுதி ஒட்டிவிட்டு, உள்ளே எதையும் இடாமல் அடுப்பில் ஏற்றியிருக்கிறேன்.

அன்று தொடங்கி, இக்கலையில் வல்லவர்கள் எவ்வாறு செய்தார்கள் என்று தேடிப் படிக்கலானேன்.

1933ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வோல்ட் டிஸ்னியின் கலைக்கூடம் மூன்று பன்றிக்குட்டிகளின் கதையைச் சிறுபடமாக்கியது. அதுவரை சித்திரப்படங்களில் நல்லவன் அழகாகவும் தீயவன் அவலட்சணமாகவும் இருப்பான். பார்த்த மாத்திரத்தில் இன்னார் இன்னவர் என்று தெரிந்துவிடும். இந்த மூன்று பன்றிகளுக்கோ முகமும் உடலும் ஏறத்தாழ ஒன்றே. வைக்கோலால் வீடு கட்டுபவன் துள்ளித் துள்ளி வேலை செய்கிறான். செங்கல் அடுக்குபவன் ஒவ்வொரு கல்லையும் நிதானமாகப் பார்த்து வைக்கிறான். யார் எவர் என்பதை அவர்கள் அசையும் விதமே நமக்கு உணர்த்துகின்றது. சித்திரப் பாத்திரம் முகத்திற் பிறப்பதில்லை, நடையிற் பிறக்கின்றது என்பதை உலகம் அறிந்துகொண்ட இடங்களுள் இது முக்கியமானது என்று இக்கலையின் வரலாற்றை எழுதுவோர் கூறுவர்.

நான்கு ஆண்டுகளின் பின், 1937 டிசம்பரில், அதே கூடத்திலிருந்து 'வெண்பனி இளவரசியும் ஏழு குள்ளர்களும்' என்ற நீண்ட படம் வெளிவந்தது. கிறிம் சகோதரர்கள் 1812இல் அச்சிட்ட கதையில் அந்த ஏழு குள்ளர்களுக்கும் பெயர்கூடக் கிடையாது. கதை சொல்லும் பாட்டிக்கு 'ஏழு பேர்' என்றால் வேலை முடிந்தது. சித்திரக்காரனுக்கு அங்கேதான் வேலை தொடங்குகின்றது. ஒரே உயரம், ஒரே தொழில், ஒரேவகை உடை. இந்த எழுவரையும் எவ்வாறு வேறுபடுத்துவது? ஏராளமான பெயர்களை எழுதிப் பார்த்து, விலக்கி, இறுதியில் ஏழைத் தெரிந்தனர். ஒருவன் சிடுமூஞ்சி, ஒருவன் தூங்குமூஞ்சி, ஒருவன் ஓயாது தும்முபவன். கடைசியாக நின்றவன் டோபி என்ற பேதை. அவனுக்குத் தாடியும் இல்லை, பேச்சும் இல்லை. ஏழுபேரும் வரிசையாக நடந்து வரும்போது பிந்திவிட்ட அவன், மற்றவர்களோடு காலை ஒத்து வைப்பதற்காக இடையில் ஒரு சிறு தத்தல் தத்துவான். பிராங் தோமஸ் என்ற சித்திரக்காரர் ஓரிடத்திற் செய்து பார்த்தது அது. பிடித்துப் போயிற்று, பின்னர் அதுவே அவனுடைய நடையாயிற்று. வாய் பேசாத அவன் உள்ளம் முழுவதும் அந்த ஒரு தத்தலில் இருக்கின்றது.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் கூத்து நினைவுக்கு வந்தது. முல்லைத்தீவுப் பகுதியிற் கோவலன் கூத்துக் கண்டவர்கள் அறிவர். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனித்தனியே வரவு உண்டு. களரிக்குள் நுழையும்போதே அதற்குரிய பாட்டு, அதற்குரிய தாளக்கட்டு, அதற்குரிய மிதி. விடியற்சாமத்தில் அரைத்தூக்கத்திற் கிடக்கும் பார்வையாளன்கூடக் கண்ணைத் திறவாமலே மிதியைக் கேட்டு வருபவர் யாரென்று கூறிவிடுவான். டிஸ்னி கூடத்தார் ஆயிரக்கணக்கான தாள்களிற் கண்டுபிடித்ததை எங்கள் அண்ணாவிமார் மத்தளத்தில் வைத்திருந்தனர். இதை நான் ஊர்ப் பெருமைக்காகக் கூறவில்லை. பிள்ளைகளுக்கு விளங்கவைப்பதற்கு இதைவிட எளிய வழி எனக்குக் கிடைக்கவில்லை.

நடை ஒருபுறமிருக்க, உருவத்திலும் ஒரு விதியைச் சித்திரக்காரர்கள் கைக்கொள்கின்றனர். ஒரு பாத்திரத்தை முழுவதும் கறுப்பாகத் தீட்டி, நிழலாக மாற்றிப் பார்ப்பார்கள். நிழலை மட்டும் பார்த்து இன்னார் என்று கூற முடியவில்லையானால் அந்த உருவத்தைத் திரும்ப வரைவார்கள். ஒரு கதையின் பாத்திரங்கள் அனைத்தையும் ஒரே கோட்டில் உயரவரிசையாக நிறுத்தி, ஒன்று நெட்டையானால் மற்றது குட்டை, ஒன்று உருண்டையானால் மற்றது கூர்மை என்று பார்த்துப் பார்த்து மாற்றுவார்கள். குடும்பத்திற் பிள்ளைகளைப்போல, ஒன்றின் இயல்பு மற்றதன் அருகில் நிற்கும்போதே தெளிவாகின்றது. தனியாக வரைந்தபோது அழகாயிருந்த எங்கள் மயிலும் குரங்கும் நிழலாக்கியபோது இரண்டு கரிய மூட்டைகளாகத் தெரிந்தன.

நிழல் என்றவுடன் தமிழ்நாட்டுத் தோற்பாவைக் கூத்தைக் கூறாமல் விடமுடியாது. ஆட்டுத் தோலைப் பதப்படுத்தி, வெட்டி, துளையிட்டு, வண்ணந் தீட்டி, வெள்ளைத் திரைக்குப் பின்னே விளக்கொளியில் ஆட்டுவார்கள். திரைக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் ஒருவரே இராமனாகவும் சீதையாகவும் இராவணனாகவும் குரலை மாற்றிப் பேசுவார். ஆயினும் பிள்ளைகள் காத்திருப்பது இராமனுக்காக அன்று. உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்ற இரு கோமாளிகளுக்காகவே. இராமாயணத்தில் இவர்களுக்கு இடமில்லை. பாவைக் கூத்தர் தம் ஊரில் தாம் கண்ட மனிதர்களைக் கொண்டு இவர்களைப் படைத்துக் காவியத்துக்குள் நுழைத்துவிட்டனர். காவியம் அவர்களைத் தாங்கிக்கொண்டது.

ஜெர்மனியில் லொட்டே றைனிகர் என்ற பெண்மணி கறுப்பு அட்டைகளைக் கத்தரிக்கோலால் வெட்டி, கை கால்களை மூட்டுக்களிற் பிணைத்து, கண்ணாடி மேசைமேற் கிடத்திக் கீழிருந்து ஒளிபாய்ச்சி, சிறிது சிறிதாக நகர்த்திப் படம் பிடித்து, 1926இல் ஒரு முழுநீளப் படத்தையே வெளியிட்டார். ஆயிரத்தொரு இரவுகள் கதைத்தொகுதியிலிருந்து எடுத்த இளவரசர் அகமதுவின் கதை அது. மூன்றாண்டு உழைப்பு. இன்று எஞ்சியிருக்கும் முழுநீளச் சித்திரப்படங்களுள் மிகப் பழையது அதுவே. இது எங்களுக்குப் பெரிய உபகாரமாயிற்று. ஏனென்று கேட்பீர்கள். திரைப்படத்துக்கு ஒரு வினாடிக்கு இருபத்துநான்கு படங்கள் வேண்டும். ஒரே சித்திரத்தை இருமுறை பிடித்துச் சிக்கனஞ் செய்தாலும் ஐந்து நிமிடத்துக்கு 3,600 சித்திரங்கள். எண்மர் கொப்பித் தாளில் வரைந்து எந்தத் தவணையில் முடிப்பது? சவர்க்காரப் பெட்டி, தேயிலைப் பெட்டி அட்டைகளை வெட்டி மூட்டுக்களில் நூலால் முடிந்துவிட்டால், ஒருமுறை செய்த உருவத்தை எத்தனை முறையும் நகர்த்தலாம். வினாடிக்கு எட்டுப் படம் போதுமென்றும் பிள்ளைகள் தீர்மானித்துக்கொண்டனர். சிறிது வெட்டிவெட்டித்தான் ஓடும், பரவாயில்லை.

இந்தியாவில் இக்கலை வேரூன்றிய கதையும் சுவையானது. 1956இல் பம்பாயில், அரசாங்கத்தின் திரைப்படப் பிரிவில், சித்திரப்படங்களுக்கென ஒரு கிளை தொடங்கினர். பயிற்சியளிக்க வந்தவர் கிளேயர் வீக்ஸ். டிஸ்னி கூடத்தில் 'பாம்பி' என்ற மான்குட்டியின் படத்தில் வேலை செய்தவர். அவரிடம் பயின்றோர் முதலில் எடுத்துக்கொண்டதும் மான்கதையே: கருவுற்ற பெண்மானுக்குப் பதிலாகத் தன்னையே பலியாகக் கொடுக்க முன்வந்த ஆலமர மானின் ஜாதகக் கதை. அந்த மான்களுக்கு அமெரிக்கச் சாயல் வந்துவிடக்கூடாதென்று அஜந்தா ஓவியங்களின் கோடுகளைப் பார்த்து வடிவமைத்தனர்.

அங்கே பயின்றவர்களுள் ஒருவர் ராம் மோகன். 2019இல் மறைந்த அவரை இந்தியச் சித்திரப்படக் கலையின் தந்தை என்றே பலர் அழைப்பர். அவர் கைபட்டு உருவான பாத்திரங்களுள் என் மனத்தைக் கவர்ந்தவள் மீனா. 1990களின் தொடக்கத்தில் தென்னாசியப் பெண்பிள்ளைகளின் நிலையை எடுத்துக்காட்டவென ஐக்கிய நாடுகள் சிறுவர் நிதியம் அவளை உருவாக்க முனைந்தது. பங்களாதேசம், இந்தியா, நேபாளம், பாகிஸ்தான் ஆகிய எல்லா நாட்டுப் பிள்ளைகளும் 'இவள் எங்கள் ஊர்ப் பெண்' என்று எண்ணவேண்டும். எந்த உடையை அணிவிப்பது? எந்தப் பெயரை வைப்பது? சேலை கட்டினால் ஒருவருக்கு அந்நியம். சல்வார் அணிவித்தால் மற்றவருக்கு அந்நியம். எனவே வரைந்த படங்களை ஊரூராகக் கொண்டுசென்று தாய்மாரிடமும் தந்தைமாரிடமும் பிள்ளைகளிடமும் காட்டினர். அவர்கள் கூறியதைக் கேட்டுத் திரும்ப வரைந்தனர், திரும்பவுங் காட்டினர். பாவாடையும் மேற்சட்டையும் தோளில் ஒரு துணியுமாக, எந்த நாட்டுக்கும் முழுதாக உரியதல்லாத, எந்த நாட்டிலும் புறம்பாகத் தோன்றாத ஓர் உடை அவளுக்குக் கிடைத்தது. மீனா என்ற பெயரும் அவ்வாறே எல்லை கடக்க வல்லதாயிருந்தது. தம்பி ராஜு, கைக்குழந்தை ராணி, மித்து என்ற கிளி ஆகியோர் அவளைச் சூழ அமைந்தனர். முதற்கதையில் மீனாவைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. அவள் கிளியை அனுப்புகிறாள். அது சன்னலிலிருந்து கேட்டுவந்து பாடத்தை ஒப்புவிக்கின்றது. அவ்வாறு எண்ணக் கற்றவள் கோழிகளை எண்ணுகிறாள், ஒன்று குறைகிறது, திருடன் அகப்படுகிறான். மீனாவுக்கு என்ன வேண்டும் என்பதை யாரும் எடுத்துரைக்கத் தேவையில்லை. கிளி பறந்துபோகும் திசையே கூறிவிடுகின்றது.

நான் எழுதிய ஆறு குணங்களின் தாளைக் கிழித்துவிட்டு, பிள்ளைகளைக் குளக்கட்டுக்கும் சந்தைக்கும் அனுப்பினேன். அவர்கள் கொண்டுவந்த கூட்டம் வேறாயிருந்தது. காலையில் இருமி இருமி எழும்புகிற ஒரு பழைய லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம். அதற்கு வேண்டியது ஓய்வு. இரவு முழுவதும் விழித்திருந்து பகலிற் பாடசாலை வாங்கில் தூங்கிவழியும் தேவாங்கு. அதற்கு வேண்டியது இரவுப் பாடசாலை. எல்லோருடைய விடயத்தையும் அறியவேண்டுமென்று வேலிமேல் அமர்ந்திருக்கும் காகம். இவற்றோடு ஒரு நாய்.

அந்த நாயை ஆக்கியவன் அதிகம் பேசாத ஒரு மாணவன். சித்திரப்பட வழக்கப்படி அது மனிதனைப்போல இரு காலில் நிற்கும். எங்கு போனாலும் எல்லோருக்கும் முன்னால் போய்ச் சேரவேண்டுமென்பது அதன் ஆசை. அதன் இடக்காலை மட்டும் அவன் வேறு நிற அட்டையில் வெட்டியிருந்தான். செயற்கைக் கால்.

எங்கள் ஊர் 2008ஆம் ஆண்டில் முற்றாக இடம்பெயர்ந்து, போர் முடிந்தபின் திரும்பி வந்த ஊர். இங்கே செயற்கைக் கால் எவருக்கும் புதுமையன்று. அந்த மாணவனின் தகப்பனாருக்கும் இடக்கால் தொடைக்குக் கீழே இல்லை. நான் அஞ்சினேன். கண்காட்சியில் ஊரார் சிரிப்பார்கள். அந்த மனிதர் மனம் நோவார். அதிபருக்கு அறிவில்லையா என்று கேட்பார்கள். மாணவனைத் தனியே அழைத்து, "தம்பி, நாய்க்கு இரண்டு காலையும் ஒரேமாதிரி வைப்பமே?" என்று கேட்டேன். அவன் சிறிது நேரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பின், "அப்பிடி எண்டா அது வேற நாய், சேர்" என்றான்.

இரண்டு நாள் யோசித்தேன். பிறகு, ஊரூராகப் படங்களைக் காவிச் சென்று கேட்டவர்களை எண்ணிப் பார்த்து, அவனுடைய தகப்பனாரைப் பாடசாலைக்கு வருமாறு சொல்லியனுப்பினேன். வந்தார். கமக்காரர், சைக்கிளில் வந்து இறங்கினார். நாய் நடக்கின்ற ஆறு வினாடிகளை ஆசிரியை அவருக்குக் காட்டினார். மகன் சுவரோரம் நின்றான். அவர் கைத்தொலைபேசியை வாங்கிக் கண்ணருகே பிடித்து இரண்டு முறை பார்த்தார்.

"பிழை" என்றார்.

எனக்கு வியர்த்துவிட்டது.

"முழங்காலை மடிச்சு நடக்க விட்டிருக்கிறான், சேர். இந்தக் கால் அப்பிடி மடியாது. இடுப்பைத் தூக்கி, வெளியாலை சுத்திக் கொண்டுவந்துதான் வைக்கவேணும். பாருங்கோ" என்று கூறி, வகுப்பறையின் முன்னால் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை நடந்து காட்டினார். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தனர். திரும்பவும் நடந்தார். மூன்றாம் முறை, இடுப்பு உயரும்போது நின்று, தோள் எந்தப் பக்கம் சாய்கின்றதென்று மகனைப் பார்க்கச் சொன்னார். அவன் கிட்ட வந்து பார்த்தான்.

பின்னர் அவர் மேசையில் அமர்ந்து, அட்டை நாயைக் கையில் எடுத்து, முழங்காலிலிருந்த நூல் முடிச்சை நகத்தால் அவிழ்த்தார். தொடையும் காலும் நேராக நிற்கும்படி பசை தடவி ஒட்டினார். காய்ந்தபின் தாமே இடுப்பு மூட்டிலிருந்து காலைச் சிறிது சிறிதாக வெளிப்புறஞ் சுழற்றி வைக்க, மகன் உடலைச் சாய்க்க, ஆசிரியை ஒவ்வொன்றாகப் படம் பிடித்தார். இரண்டு அடி நடப்பதற்குப் பதினாறு படங்கள். அதற்குள் பாடசாலை விடும் மணியும் அடித்துவிட்டது. ஒருவரும் எழுந்து போகவில்லை.

ஓடவிட்டுப் பார்த்தோம். நாய் இடுப்பைத் தூக்கி, காலைச் சுழற்றி வைத்து, தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தது. பிள்ளைகள் வாய்விட்டுச் சிரித்தனர். மகன் தகப்பனின் முகத்தைப் பார்த்தான். அவரும் சிரித்துக்கொண்டே கைத்தொலைபேசியை ஆசிரியையிடம் நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் கெதியாய் நடக்க விடுங்கோ, ரீச்சர். இவர் எல்லாருக்கும் முன்னாலை போற ஆள் எல்லோ?"